கரை கடந்த மறுநாள்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் அது வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமானது. அந்தச் செய்தி தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் திருவண்ணாமலையில் மலைச்சரிவின் மண்ணும் பாறையும் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் இறங்கின. உள்ளே இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். திங்கட்கிழமை காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. அதே திங்கள் விடியும் முன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. இவையெல்லாம் புயல் கரையைத் தொட்டபோது நடந்தவை அல்ல. அதன் பிறகு வந்த ஒன்றரை நாளில், ‘இனிப் பயமில்லை’ என்று பலர் நினைக்கத் தொடங்கிய நேரத்தில் நடந்தவை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழ்பவர்கள் இந்த ஒன்றரை நாளைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. வங்கக் கடலிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அரியலூர் நகரம் ஏறத்தாழ 85 கி.மீ., பெரம்பலூர் நூறு கி.மீ. அளவில் உள்ளே இருக்கின்றன. எந்தப் புயலும் இங்கே வந்து சேரும்போது பலம் குறைந்துதான் வருகிறது. அதனாலேயே ‘கடலூர், நாகையோடு போய்விடும், நமக்கு வெறும் மழைதான்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வெறும் மழைதான் உயிரை எடுக்கிறது என்பதற்குச் சான்றுகள் ஏராளம். இந்த ஊர்களில் புயலை வீட்டுக்குள் குடும்பத்தோடு காத்திருந்து கடத்துவது சரியான வழிதான். ஆனால் அந்தக் காத்திருப்பைக் காற்றின் கணக்கில் தொடங்கிக் காற்றின் கணக்கில் முடிக்கிறோம். தண்ணீரின் கணக்கில் வைத்தால்தான் அது நம்மைக் காப்பாற்றும். நேரக் கணக்கையும் பாருங்கள். கரையை நள்ளிரவில் கடக்கும் புயல் மணிக்கு 10 முதல் 12 கி.மீ. வேகத்தில் மேற்கே நகர்ந்தால் அதன் மையம் இந்த ஊர்களை நெருங்கும்போது காலை ஏழு, எட்டு மணி ஆகிவிடும். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்களும், பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளும், தொழிற்சாலை ஷிப்டுக்குப் புறப்படுகிறவர்களும் தெருவில் இருக்கும் நேரம் அது.

புயலைத் தரம் பிரிக்கும் அளவுகோல் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் காற்று மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை வீசினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118-க்கு மேல் அதி தீவிரப் புயல். இந்த ஏணியில் மழைக்கு ஒரு படிகூட இல்லை. மழையை அதே துறை வேறொரு அளவுகோலால் அளக்கிறது: ஒரு நாளில் 6.5 செ.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 11.5-ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 20-ஐத் தாண்டினால் அதி கனமழை. முதல் ஏணியில் கீழே இறங்குவது இரண்டாவதில் மேலே ஏறுவதைத் தடுப்பதில்லை. தொலைக்காட்சி முதல் ஏணியைத்தான் பெரிய எழுத்தில் காட்டுகிறது. இரண்டாவது, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களாக மூலையில் வந்து போகிறது. உள்மாவட்டத்துக் குடும்பம் இந்த இரண்டில் எதையாவது ஒன்றை மட்டும் பார்க்க முடியும் என்றால், நிறத்தைப் பார்க்கட்டும்.

இயற்பியலும் இதையே சொல்கிறது. சூடான கடல்நீரிலிருந்து எழும் ஈரப்பதம்தான் புயலின் எரிபொருள். தரைக்கு வந்ததும் அந்த வரத்து குறைகிறது. மரமும் கட்டடமும் மேடும் காற்றை உரசி வேகத்தைத் தணிக்கின்றன. ஆனால் ஏற்கெனவே மேலே ஏறிப்போன ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. அது விழுந்துதான் தீர வேண்டும். சுழற்சி வேகமாக நகர்ந்தால் பல மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நகராமல் நின்றுவிட்டால் ஒரே இடத்தில் கொட்டும். பலம் இழந்த சுழற்சிகள் தயங்கித் தயங்கி நகர்வது அரிதல்ல, ஃபெஞ்சலும் புதுச்சேரியை விட்டு நகராமல் மணிக்கணக்கில் நின்றது. மேற்கே பச்சைமலை போன்ற ஒரு மேடு குறுக்கே இருந்தால் ஈரக்காற்று அதன் மேல் ஏறும்போது குளிர்ந்து இன்னும் பெய்யும். காற்றை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. 2018-இல் வேதாரண்யம் அருகே நுழைந்த கஜா, புதுக்கோட்டை தாண்டியும் மரங்களைச் சாய்த்துக்கொண்டே போனது. மணிக்கு 50 கி.மீ. காற்று போதும், ஆணி தளர்ந்த தகரக் கூரை பறக்கவும், கதிர் பிடித்த மக்காச்சோளம் படுத்துவிடவும். ஆனாலும் காற்றுக்குக் கதவைச் சாத்தலாம், தண்ணீருக்குச் சாத்த முடியாது.

புரெவியை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 டிசம்பர் 2 இரவு இலங்கையின் திருகோணமலைப் பக்கம் கரை ஏறி, மன்னார் வளைகுடாவுக்கு வந்து, பாம்பன் அருகே வலுவிழந்து அங்கேயே நின்றுவிட்டது. தமிழகக் கரையைப் புயலாக அது தொடவே இல்லை. தென்மாவட்டங்கள் ஆறுக்கு அரசு டிசம்பர் 4 அன்று பொது விடுமுறை விட்டிருந்தது. அன்று காலை வரை பெய்ததிலோ, கொள்ளிடம் என்ற ஊரில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. புயலின் மிச்சம் நின்ற இடத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், அரியலூர் மாவட்டத்தை ஒட்டிய கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் தேங்கியது. 2023 டிசம்பரில் இன்னும் விசித்திரம். குமரிக்கடலில் இருந்தது வெறும் வளிமண்டலச் சுழற்சி. பெயர் வைக்கும் தகுதிகூட அதற்கு இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த டித்வா, காற்றின் ஏணியில் அடிப்படிப் புயல்தான். அங்கே அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கண்டி, பதுளை, நுவரெலியா என மலையகமே சரிந்து இறங்கியது. இந்த மண்ணின் பழைய கணக்கிலும் ஒன்று உண்டு. 1977 நவம்பர் 12 அதிகாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே நுழைந்த புயல், உள்ளே வந்து பலம் குறைந்த பிறகுதான் திருச்சி நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. பெரம்பலூரும் அரியலூரும் அன்று அந்தத் திருச்சி மாவட்டத்தின் பகுதிகள்.

இது நம் பக்கத்து வினோதம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையத்தைச் சேர்ந்த எட்வர்ட் ராப்பபோர்ட், 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்களால் அந்த நாட்டில் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்தார். பத்தில் ஒன்பது தண்ணீரால். அதில் பெரும்பங்கு கடல் பெருகி உள்ளே வந்ததால். மொத்தத்தில் கால்வாசி மழை வெள்ளத்தால். காற்று நேரடியாகக் கொன்றது மிகச் சிறிய பங்கே. 2024 செப்டம்பரில் ஃபுளோரிடாவில் நுழைந்த ஹெலீன், பலம் தளர்ந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே போய் வட கரோலினாவின் மலை ஊர்களை அழித்தபோது, கடலைப் பார்க்காத அந்த மக்களும் நம்மைப் போலத்தான் எண்ணியிருந்தார்கள்: இவ்வளவு தூரத்துக்குப் புயல் வராது என்று.

இனி நம் நிலத்துக்கு வருவோம். மருதையாறு பச்சைமலைப் பக்கத்தில் பிறந்து, பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து, அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தோடு சேர்கிறது. ஆண்டின் பெரும்பாலான நாள்கள் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும், ஆடு மேயும், டூவீலரில் குறுக்கே போகலாம். அந்த ஆறுதான் இந்தியாவின் பெரிய ரயில் விபத்துகளில் ஒன்றுக்குக் காரணமானது. 1956 நவம்பர் 23 விடியற்காலை, பெருமழையில் பாலம் பலவீனப்பட்டிருந்தது தெரியாமல், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பதவி விலகல்தான் பாடப்புத்தகத்தில் நிலைத்தது. ஒரு காட்டாறு ஓர் இரவில் என்ன ஆக முடியும் என்ற பாடம் நிலைக்கவில்லை. அதன் அருகிலேயே 2023 டிசம்பரை வைத்துப் பார்க்க வேண்டும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த சல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நூற்றுக்கணக்கான பயணிகள் ஏறத்தாழ இரண்டு நாள் அங்கே சிக்கி அல்லல்பட்டார்கள், பிறகு வீடு போய்ச் சேர்ந்தார்கள். காத்திருப்பு வேறெதையும் தராவிட்டாலும் அதைத் தரும்.

மருதையாறு, வெள்ளாறு, சின்னாறு, கல்லாறு போன்றவை மணிக்கணக்கில் ஏறி மணிக்கணக்கில் இறங்குபவை. மலையடிவாரத்தில் பெய்த மழை கீழே உள்ள தரைப்பாலத்துக்கு வந்து சேரும்போது அங்கே வானம் வெளுத்திருக்கவும் கூடும். ஏரிகளின் கணக்கு வேறு. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போய், அதுவும் நிரம்பிய பிறகுதான் கடைசி ஊருக்கு ஆபத்து. அதற்கு ஒரு நாளோ கூடவோ ஆகலாம். கொள்ளிடத்தின் கணக்கோ இன்னும் மெதுவானது. திருமானூர், திருமழபாடி, தா.பழூர் பக்கத்து மக்களுக்கு இது தெரியும்: காவிரியின் மேல்பகுதியில் எங்கோ பெய்தது, முக்கொம்பில் திருப்பிவிடப்பட்டு, ஓரிரு நாள் கழித்து வெயில் அடிக்கும் பகலில் வரும். ஆகவே ‘எப்போது வெளியே போகலாம்’ என்ற கேள்விக்கு மாவட்டம் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. மழை விட்டபின் குறைந்தது ஒரு முழுப் பகலாவது காட்டாற்றுப் பக்கம் போகாமல் இருப்பதும், தரைப்பாலத்தின் தளம் கண்ணுக்குத் தெரியும்வரை அதில் கால் வைக்காமல் இருப்பதும் நியாயமான எல்லைகள் என்று நினைக்கிறேன். வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே வளர்ந்த ஆளைத் தடுமாறி விழவைக்கும். ஓரடி சிறிய காரை நகர்த்தும். இரண்டடி பெரும்பாலான வண்டிகளை மிதக்கவைத்து இழுத்துப்போகும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். திருவண்ணாமலையில் இறந்தவர்கள் வீட்டுக்குள்தானே இருந்தார்கள்? வீட்டிலேயே காத்திருங்கள் என்று எப்படிச் சொல்லலாம்? மறுப்பு சரியானது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் பக்கத்து வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் ஊறித் தலித் குடும்பங்களின் வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்தில் 17 பேர் இறந்தார்கள். அங்கேயும் வீடுதான் கல்லறையானது. எனவே காத்திருப்பது என்பதற்கு முன்னால் எந்த வீட்டில் என்ற கேள்வி வருகிறது. சுவர் மண்ணா, கூரை ஓடா, பக்கத்தில் யாருடைய மதில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, வாசல் தெருவைவிடப் பள்ளமா, பின்புறம் ஓடைப் புறம்போக்கா? பல ஊர்களில் காலனித் தெருதான் பள்ளத்தில் இருக்கிறது. ஊருக்குள் மாடி வீட்டில் இருப்பவருக்கும் அங்கே ஓட்டு வீட்டில் இருப்பவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வது சமமாகத் தோன்றலாம், சமம் இல்லை. பள்ளிக்கூடமோ சமுதாயக்கூடமோ திறந்திருந்தால், முதல் மழை விழும் முன்னரே, வெளிச்சம் இருக்கும்போதே, போய்விடுவதுதான் அந்தக் குடும்பத்தின் காத்திருப்பு. உறவுக்காரர்களின் காரை வீடு இருந்தால் இன்னும் நல்லது. ‘மாட்டை விட்டுவிட்டு எப்படி’ என்று பெரியவர்கள் மறுப்பார்கள். அதற்கும் விடை முதல் நாள் மாலையிலேயே இருக்கிறது: மாட்டை மேட்டில் கட்டிவிட வேண்டும், கயிற்றை நீளமாக விட வேண்டும், தண்ணீர் ஏறினால் அவிழ்த்துவிட வேண்டும்.

மண் சுவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் மிகத் தாமதமாக வருகிறது. 10 செ.மீ. மழை என்றால் 500 சதுர அடிக் கூரையிலிருந்து ஏறத்தாழ 4,600 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. தாழ்வாரம் குறுகிய வீட்டில் அவ்வளவும் அந்த வீட்டின் சொந்தச் சுவரடியிலேயே விழுகிறது. பெரம்பலூர் மாவட்டத்தின் பல பகுதிகளிலும் அரியலூரின் சில பகுதிகளிலும் இருக்கும் கரிசல் மண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆகவே அடித்தளம் இரண்டு முறை அசைகிறது, மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை. ஊறிய சுவர் மழை நின்ற பிறகு, சில சமயம் நல்ல வெயில் அடிக்கும் நாளில் விழுவதற்கு இதுவே காரணம். சுவரில் புதிய விரிசல், அடிப்பக்கத்தில் பொருக்கு உதிர்தல், திடீரென்று சிக்கும் கதவு, வயிறு தள்ளியதுபோல் வெளியே பிதுங்கிய பகுதி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த அறையில் அன்றிரவு யாரும் படுக்கக் கூடாது. தாத்தா பாட்டி தனியே இருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்கு இதை இரு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும். அவர்கள் அந்த வீட்டில் பல புயல்களைப் பார்த்தவர்கள்; அந்த நம்பிக்கையே அவர்களை அங்கே பிடித்துவைக்கும். சுவருக்கும் அவர்களோடு வயது ஏறியிருக்கிறது என்பதைப் பேரப்பிள்ளைகள்தான் பக்குவமாகச் சொல்ல முடியும்.

சரியான வீட்டுக்குள் சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த இரவில் குடும்பம் ஒரே அறையில் தரையில் பாய் விரித்துப் படுப்பது வழக்கம். வெள்ளம் பொந்துகளை நிரப்பும்போது பாம்புகள் மேடான, காய்ந்த இடம் தேடும்; அந்த இடம் பெரும்பாலும் நம் வீடு. கட்டுவிரியன் இரவில் வரும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், அதன் கடி பலருக்கு வலிப்பதே இல்லை. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று ஒரு குழந்தை சொன்னால் அஜீரணம் என்று விட்டுவிடக் கூடாது. 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டில் இருந்தால் குழந்தைகளைக் கட்டிலில் படுக்கவைத்து, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுவது நல்ல காப்பு. மின்சாரம் போனால் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது, இரண்டாம் நாள் குழாயில் தண்ணீர் வராது. முதல் நாளே குடமும் அண்டாவும் நிரம்பியிருக்க வேண்டும். செல்போன் கோபுரங்களும் மின்சாரம் இல்லாமல் வெகுநேரம் தாங்காது. அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இவற்றைச் சுவரில் எழுதி வைப்பது போனில் சேமிப்பதைவிட நல்லது. நிறைமாதக் கர்ப்பிணியோ, டயாலிசிஸ் செய்துகொள்பவரோ இருக்கும் குடும்பம் காத்திருக்கவே கூடாது. புயலுக்கு முன்பே மருத்துவமனைக்கு அருகே போய்விட வேண்டும்.

காத்திருப்பை உடைப்பது பெரும்பாலும் பயமல்ல, ஆவல். ஏரி நிரம்பிக் கலிங்கில் வழிகிறது என்றால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். வறண்ட மண்ணில் அந்த ஆவலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அந்தக் காட்சி கிடைக்கிறது. லாடபுரம் மயிலூற்று அருவியிலும் மழை விட்டதும் கூட்டம் சேர்வது இதே ஆவலால். ஆனால் மேலே பச்சைமலையில் மறுபடி பெய்தால் அருவி அடிவாரத்தில் நிற்பவருக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது. புது வெள்ளத்தில் ஏரிக்கரை எங்கே அரித்திருக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. இந்த இரு மாவட்டங்களுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு: வெட்டி எடுத்தபின் கிடக்கும் கல்குவாரிக் குழிகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளும் மழைக்குப்பின் குளம்போல் நிற்கும். படி கிடையாது, சாய்வான கரை கிடையாது, ஓரத்திலேயே ஆள் மூழ்கும் ஆழம். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய பாசனக் கிணறுகளும் வயலில் தேங்கிய நீரோடு நீராகி மறைந்துவிடும். குழந்தைகளுக்கு இதை வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த நாளிலேயே, ஊரின் வரைபடத்தைத் தாளில் அவர்களையே வரையச் சொல்லிக் காட்டினால், எச்சரிக்கையைவிட நன்றாக மனதில் பதியும்.

அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் இரண்டு நாள் எப்படி வீட்டில் இருக்கும் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு அறிவுரையால் விடை சொல்ல முடியாது. பள்ளிக்கு விடுமுறை விடும் ஆட்சியரின் உத்தரவு, களையெடுக்கப் போகும் பெண்ணுக்கும், லாரி ஓட்டுநருக்கும், தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்பவருக்கும் பொருந்துவதில்லை. சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் வராததற்குச் சம்பளம் பிடிக்கப்படாது என்ற ஏற்பாடு இல்லாதவரை, காத்திருங்கள் என்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டும் சொல்லும் சொல்லாகவே இருக்கும். கடலோர மீனவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலத்தில் அரசு நிவாரணம் தருகிறது. அந்த எண்ணத்தைச் சிவப்பு நாள்களில் உள்மாவட்டத்துக் கூலி வேலைக்கும் நீட்டிப்பது எட்டாத கோரிக்கை இல்லை. விவசாயியின் நெருக்கடி வேறு விதமானது. விதைக்காகப் பட்டறையில் அடைத்து வைத்த சின்ன வெங்காயமும், உலர்த்தப் போட்ட மக்காச்சோளமும் நனைந்தால் அந்தப் பருவமே போய்விடும். அதனால்தான் கொட்டும் மழையில் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். புயலின் பாதை தெரியத் தொடங்கி அது கரையை அடைவதற்கு இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கிடைக்கிறது. அந்த ஓட்டத்தை அப்போதே ஓடி முடிப்பதுதான் ஒரே வழி.

இன்னொரு மறுப்பு, எத்தனை முறை ரெட் அலர்ட் என்று சொல்லி ஒரு தூறலோடு போயிருக்கிறது என்பது. உண்மைதான், போயிருக்கிறது, புரெவியில் விடுமுறை விட்ட மாவட்டங்களே சான்று. ஆனால் அந்தச் சான்றின் மறுபாதியையும் பார்க்க வேண்டும்: மழை பொய்க்கவில்லை, இடம் மாறியது. பரவலான எச்சரிக்கைக்கு அதுதான் காரணம்; சுழற்சியின் எந்தப் பக்கத்து மேகக்கூட்டம் எந்த வட்டத்தின் மேல் நிற்கும் என்பதை முந்தின நாளே ஊர்வாரியாகச் சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது. சில மணி நேரம் முன்னால் ஓரளவு முடியும். காரைக்கால் ரேடாரின் படத்தை வானிலைத் துறையின் தளத்தில் யாரும் பார்க்கலாம், அதன் பார்வை இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் எட்டுகிறது. மூன்று மணி நேர முன்னறிவிப்பும் உண்டு. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் அந்த வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம்.

மழை வராதா என்று ஏங்கும் மாவட்டத்தில் புயலைக் கண்டு பயமுறுத்தலாமா என்பார்கள் சிலர். ஆண்டு முழுவதும் பெய்வதே ஒரு மீட்டருக்குக் குறைவு. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவமழையில்தான். அந்தப் பருவமழையின் பெரும் பங்கைக் கொண்டுவருவதும் இந்தத் தாழ்வு மண்டலங்களே. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி இந்த மழையை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. புயல் இங்கே வேண்டாத விருந்தாளி அல்ல என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் பெய்த 50 செ.மீ. பெரம்பலூரில் பெய்திருந்தால், அது ஓராண்டு மழையில் பாதிக்கும் மேல். ஏக்கருக்கு இருபது லட்சம் லிட்டர். வரத்து வாய்க்கால் தூர்ந்து, கலிங்கு அடைபட்டு, ஓடைப் புறம்போக்கில் வீடு எழுந்திருக்கும் ஊரில் அது ஏரிக்குப் போகாது, தெருவுக்குத்தான் வரும். மழையை விரும்புகிறவர்கள்தான் வாய்க்காலைப் பற்றி முதலில் கேட்க வேண்டும்.

அரசு செய்யக்கூடியது பெரிய செலவுள்ளது அல்ல. இப்போது மாவட்டம் முழுவதற்கும் ஒரே அறிவிப்பு வருகிறது. தலைமையிடத்தில் மழை விட்டதும் இயல்பு நிலை திரும்பியதாக ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, இன்ன தரைப்பாலம் மூடப்பட்டது, இன்ன ஏரி வழிகிறது, இன்ன தெரு நாளை காலை வரை முகாமிலேயே இருக்கட்டும் என்று ஊர் பெயரோடு சொல்லும் குறுஞ்செய்தி வேண்டும். மேல் ஏரி நிரம்பியதைக் கீழ் ஊருக்குச் சொல்ல ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். மருதையாற்றிலும் வெள்ளாற்றிலும் எந்தத் தரைப்பாலம் எவ்வளவு மழைக்கு மூழ்கும், மூழ்கினால் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அதை எழுதி வாங்கிப் பட்டியலாக்க ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு வாரம் கிடைத்தால் போதும்.